பறக்கும் ஆம்புலன்ஸ் கண்ட டாக்டர் லாரே



போன மாதச் சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தங்கை மேரி கியூரி அம்மையார் பற்றி அழகாக எழுதியிருந்தாள். இந்த மாதம் வாழ்க்கை வரலாறு என் முறை. நான் எழுதப்போகிறவர் டொமினிக் ழான் லாரே. பிரெஞ்சுப் பெயர், டீச்சர் உச்சரித்துக் காட்டியபடி எழுதியிருக்கிறேன். நம் வரலாற்றுப் புத்தகத்தில் நெப்போலியன் இருக்கிறார், அவர் போட்ட சண்டையெல்லாம் இருக்கிறது. அந்தச் சண்டையில் அடிபட்டு விழுந்தவர்களை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் இல்லை. பாரிஸ் நகரத்தில் உள்ள பெரிய வெற்றி வளைவில் தளபதிகளின் பெயர்களோடு இவர் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு ரொம்பத் தெரிந்த பெயர்.

இவரை ஏன் எடுத்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சித்திரை மாதம் எங்க அப்பத்தா மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. 108க்குப் போன் போடலாம் என்று அம்மா சொன்னது யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டு மாமா குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். சித்தப்பா கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார். பெரியப்பா இடுப்பைப் பிடித்தார். கால் தொங்குதே என்று நான் ஓடிப்போய் இடது காலைப் பிடித்தேன். வண்டி உயரம். ஏற்றும்போது என் கையில் இருந்த கால் மடங்கிவிட்டது. அப்பத்தா போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தொடை எலும்பு மேல்பக்கம் முறிந்து விலகியிருக்கிறது என்றார். விழுந்தபோதே விலகியதா, நாங்கள் தூக்கியதில் விலகியதா என்று அவருக்கும் சொல்லத் தெரியாதாம். அதை நான் யாரிடமும் ரெண்டாவது தடவை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்றைப் பார்த்தேன். டிராலியில் இருந்து அப்பத்தாவைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். சித்தப்பா மறுபடியும் கக்கத்தில் கையை விடப் போனார். நர்ஸ் அக்கா தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். டிராலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டார். ரெண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார். அப்பத்தா படுத்திருந்த விரிப்பின் ஓரத்தை ரெண்டு பக்கமும் உடம்போடு ஒட்டிச் சுருட்டி ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டார்கள். இன்னொருவர் அடிபட்ட காலை நேராகத் தாங்கிக்கொண்டார். இப்போது நகர்த்தப் போகிறோம் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டு, மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் வழுக்கினாற்போல் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் தூக்கவே இல்லை. அப்பத்தா ஒரு முனகல் கூட முனகவில்லை.

இதை யார் கண்டுபிடித்தது என்று எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். விரிப்பைக் கண்டுபிடித்த ஆள் யாரென்று சொல்ல முடியாது, ஆனால் லாரேயைப் பற்றிப் படி என்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் படித்ததைத்தான் இனி எழுதுகிறேன்.

லாரே 1766ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் தெற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள போதேயான் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். லாரே சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். துலூஸ் நகரத்தில் அவருடைய பெரியப்பாவோ சித்தப்பாவோ (ஆங்கிலப் புத்தகத்தில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்!) அறுவை சிகிச்சை டாக்டராக இருந்தார். அவரிடம் படிக்க 13 வயதில் ஊரைவிட்டு நடந்தே போனாராம். நூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். நம்மைவிட ஒரு வயது சின்னவர் அப்போது.

துலூஸில் தொழில் கற்றுக்கொண்டு 1787இல் பாரிசுக்குப் போனார். கப்பல் படையில் டாக்டராகச் சேர்ந்து வட அமெரிக்கா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து வரை ஒரு கப்பலில் போய்வந்தார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, ஒரே வாந்தி. அதோடு கப்பல் வேலையை விட்டுவிட்டார். பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அது நமக்குப் பாடத்தில் இருக்கிறது, அதனால் நான் எழுதவில்லை.

1792இல் பிரான்சுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் போர் தொடங்கியது. 26 வயது லாரே ரைன் நதிக்கரைப் படைக்கு டாக்டராகப் போனார். அங்கே அவர் பார்த்ததுதான் முக்கியம். ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை அப்போதே இருந்தது. ஆனால் அதற்கு அர்த்தம் வண்டி இல்லை. படைக்குப் பின்னாலேயே நகர்ந்து போகும் ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தப் பேர். அந்த ஆஸ்பத்திரி சண்டை நடக்கிற இடத்தில் இருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று சட்டம். சண்டை முழுக்க முடிந்த பிறகுதான் கனமான பெரிய வண்டிகள் வந்து அடிபட்டவர்களைப் பொறுக்கி எடுக்கும். 24 மணி நேரம், 36 மணி நேரம் கூட ஆகும். அதுவரை குண்டடி பட்டவர் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். சொந்தப் படை தோற்றுப் பின்வாங்கினால் அவர்களை எடுக்க ஆளே வராது.

வந்து எடுத்தாலும் எப்படி எடுத்தார்கள் தெரியுமா? வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. நாங்கள் அப்பத்தாவுக்குச் செய்தோமே, அதேதான். கையைப் பிடித்து, காலைப் பிடித்து, வண்டியில் போட்டு, மேடு பள்ளத்தில் கடகடவென்று ஓட்டுவது. முறிந்த எலும்பின் முனை கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது உள்ளே சதையையும் ரத்தக் குழாயையும் குத்திக் கிழிக்கும். அதனால் குண்டில் பிழைத்தவர் கூட வண்டியில் இறந்துபோவார்.

லாரே சண்டைக்களத்தில் இன்னொன்றையும் கவனித்தார். பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு கண்மூடித் திறப்பதற்குள் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்குப் பறந்தன. அந்தப் படைக்குப் பறக்கும் பீரங்கி என்றே பெயர். கொல்லுகிற சாமானைப் பறக்கவிட முடிகிறபோது காப்பாற்றுகிற வண்டியை ஏன் பறக்கவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. (இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.)

முதலில் குதிரையின் ரெண்டு பக்கமும் கூடை கட்டி ஆளை உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தார். அது சரிவராது என்று தெரிந்துவிட்டது. பிறகுதான் ஸ்பிரிங் வைத்துத் தொங்கவிட்ட லேசான வண்டிகளைச் செய்தார். மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்கி 1793இல் அந்த வண்டிகள் களத்தில் இறங்கின. பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயர் வைத்தார். சண்டை நடந்துகொண்டு இருக்கும்போதே குண்டு மழைக்குள் போய் ஆட்களை எடுத்துவர ஆரம்பித்தார்கள்.

1797இல் இத்தாலியில் நெப்போலியன் படையில் இருந்தபோது இதைப் பெரிய அளவில் அமைத்தார். 340 பேர் கொண்ட தனிப் படை, மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் 12 சின்ன வண்டி, 4 பெரிய வண்டி.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நோட்டில் படமாகவே போட்டுப் பார்த்தேன். சின்ன வண்டிக்கு ரெண்டு சக்கரம், ரெண்டு குதிரை. சமவெளியில் ஓட்ட. நீளப் பெட்டி மாதிரி இருக்கும், மேலே வளைந்த கூரை, காற்று வர ரெண்டு பக்கமும் சின்ன ஜன்னல், முன்னாலும் பின்னாலும் கதவு. உள்ளே ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். பக்கவாட்டில் மெத்தை வைத்துத் தைத்திருக்கும், இடித்துக்கொள்ளாமல் இருக்க. பாட்டில், மருந்து வைக்கப் பைகளும் உண்டு. பெரிய வண்டிக்கு நாலு சக்கரம், நாலு குதிரை, மலைப் பாதைக்கு. அதில் நாலு பேர். அந்த வண்டியின் இடது பக்கம் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் திறக்கும். அதனால் ஆளை வளைக்காமல், திருப்பாமல், படுத்தது படுத்தபடி உள்ளே வைத்துவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயம். சின்ன வண்டியின் தரை நிலையான தரை இல்லை. அது தனிப் பலகை. அதன்மேல் குதிரை மயிர் அடைத்த மெத்தையும் தலையணையும், தோல் உறை போட்டு. பலகைக்கு அடியில் நாலு சின்ன உருளை. இழுத்தால் மேஜை டிராயர் மாதிரி வெளியே வரும். பலகையின் பக்கத்தில் நாலு இரும்புக் கைப்பிடி இருக்கும். சிப்பாய்கள் இடுப்பில் கட்டியிருக்கும் துணிக்கச்சையை அவிழ்த்து அந்தக் கைப்பிடிக்குள் விட்டால் அதுவே ஸ்ட்ரெச்சர். அடிபட்டவரை ஒரே ஒரு தடவை அந்தப் பலகைக்கு மாற்றினால் போதும். பலகையோடு தூக்கலாம், பலகையோடு வண்டிக்குள் தள்ளலாம், பலகையோடு வெளியே எடுக்கலாம். தரை ஈரமாக இருந்தால் அந்தப் பலகையில் வைத்தே கட்டும் போடலாம். ஆளை மறுபடி மறுபடி தொட வேண்டாம்.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நர்ஸ் அக்கா பிடித்த விரிப்பும் இந்தப் பலகையும் ஒரே யோசனைதான். ஆளைப் பிடிக்காதே, ஆள் படுத்திருப்பதைப் பிடி. எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் எங்க வீட்டுத் தொழுவத்தில் பழைய கதவுப் பலகை ஒன்று சும்மாதான் சாத்திக் கிடந்தது.

1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனார். லாரேயும் போனார். அங்கே பாலைவனம். மணலில் சக்கரம் புதையும். நாமாக இருந்தால் கையை விரித்திருப்போம். லாரே ஒட்டகத்தைப் பார்த்தார். ஒட்டகத்தின் ரெண்டு பக்கமும் தொட்டில் மாதிரிப் பெட்டி, பக்கத்துக்கு ஒன்று. இழுவைப் பட்டையில் தொங்குவதால் ஒட்டகம் ஆடி ஆடி நடந்தாலும் குலுக்கல் குறையும். பெட்டியின் ஒரு முனையைக் கீல் போட்டு நீட்டிக்கொள்ளலாம், அப்போது ஆள் முழுசாகப் படுக்கலாம். இடத்துக்குத் தகுந்தபடி வண்டி மாறியது, ஆனால் ஆளை மடக்காமல் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

அங்கேயே 1801இல் அலெக்சாண்டிரியா பக்கம் ஒரு சண்டை. சில்லி என்ற தளபதிக்குக் கால் முட்டி நொறுங்கிவிட்டது. லாரே களத்திலேயே காலை எடுத்துக் கட்டுப் போட்டார். முடிப்பதற்குள் ஆங்கிலேயக் குதிரைப் படை கிட்டத்தில் வந்துவிட்டது. வண்டி இல்லை, ஒட்டகம் இல்லை, பலகையும் இல்லை. தளபதியைத் தோளில் போட்டுக்கொண்டு, செடி நடக் குழி குழியாகத் தோண்டியிருந்த நிலத்தில் ஓடினாராம். குதிரைகளால் அந்தக் குழிகளைத் தாண்டித் துரத்த முடியவில்லை. தளபதி பிழைத்துக்கொண்டார். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, விதி தெரிந்தவர்தான் எப்போது அதை மீறலாம் என்றும் தெரிந்தவர். எங்க வீட்டில் குதிரைப் படை ஒன்றும் துரத்தவில்லை.

கால், கை வெட்டுவது பற்றி எழுதாமல் விட்டால் அது பொய் வரலாறு ஆகிவிடும். லாரே நிறைய வெட்டினார். 1812இல் ரஷ்யாவில் பொரோதினோ சண்டையில் 24 மணி நேரத்தில் 200 பேருக்குக் கை கால் எடுத்தார். மயக்க மருந்து எல்லாருக்கும் தெரியவந்தது 1846இல்தான், அதாவது அவர் இறந்து நாலு வருஷம் கழித்து. எல்லாம் விழிப்பில் இருக்கும்போதேதான். கேட்கவே உடம்பு நடுங்குகிறது. ஆனால் நொறுங்கிய காலோடு பல நாள் வண்டியில் குலுங்கிப் போனால் அழுகிச் சாவார்கள், உடனே எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்று அவர் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். 1807இல் ஐலாவ் என்ற இடத்தில் பனிக்கட்டிக் குளிரில் அறுத்தபோது வலி குறைவாக இருந்ததையும் குறித்து வைத்தார்.

இன்னொரு வழக்கத்தையும் அவர் மாற்றினார். முதலில் தளபதி, பிறகு அதிகாரி, கடைசியில் சிப்பாய் என்று பார்ப்பது போய், யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதலில் என்று ஆக்கினார். எதிரிப் படை ஆளாக இருந்தாலும் அதே வரிசைதான். இன்றைக்கும் பெரிய விபத்தில் டாக்டர்கள் அடிபட்டவர்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு இதுதான் தொடக்கம் என்கிறார்கள்.

1809இல் நடந்த ஒன்று சிரிப்பாகவும் இருக்கும், சோகமாகவும் இருக்கும். வியன்னா பக்கத்தில் டான்யூப் ஆற்றுக்கு நடுவில் லோபாவ் என்ற தீவு. பாலம் உடைந்து, அடிபட்டவர்களை நகர்த்த வழியே இல்லாமல் தீவில் மாட்டிக்கொண்டார்கள். சாப்பாடு இல்லை. லாரே அதிகாரிகளின் குதிரைகளை அடித்து சூப் வைத்தார். பாத்திரம் இல்லாததால் சிப்பாய்களின் இரும்பு மார்புக் கவசத்தில் கொதிக்க வைத்தார், உப்புக்குப் பதில் வெடிமருந்துத் தூள். குதிரை போன அதிகாரிகள் நெப்போலியனிடம் புகார் சொன்னார்களாம். அவர் லாரே பக்கம் நின்றார். அந்த வருஷமே அவருக்குப் பிரபு பட்டமும் கொடுத்தார்.

நெப்போலியனை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சண்டையை நிறுத்தியிருந்தால் இத்தனை வண்டி தேவைப்பட்டிருக்காது. லாரேக்கு அவர்மேல் இருந்த பக்தி எனக்குப் புரியவும் இல்லை. ஆனால் அதை மறைத்து எழுத முடியாது.

இப்போது 1812 நவம்பர். ரஷ்யாவில் தோற்றுத் திரும்பிய படை பெரெசினா ஆற்றுக்கு வந்தது. கடுங்குளிர். ஆற்றின் மேல் அவசரமாகக் கட்டிய மரப் பாலம் ரெண்டு. பின்னால் ரஷ்யப் படை துரத்துகிறது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பாலத்தில் ஏற முட்டி மோதுகிறார்கள். விழுந்தவர் மிதிபட்டோ ஆற்றில் விழுந்தோ சாகிறார். லாரே முதலிலேயே பத்திரமாக அந்தக் கரைக்குப் போய்விட்டார். ஆனால் அடிபட்டவர்களுக்கு வேண்டிய அறுவைச் சாமான்கள் இந்தக் கரையில் இருந்தன. அதை எடுக்கத் திரும்பி வந்தார். திரும்பிப் போக முடியாமல் நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், நசுங்கிச் சாக வேண்டியதுதான் என்று இருந்தபோது யாரோ அவரை அடையாளம் கண்டு பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தனக்கு மட்டும் வழி என்று அடித்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் அவரைத் தலைக்கு மேலே தூக்கியது. கைக்குக் கை, கைக்குக் கை மாற்றி, பாலத்தின் அந்த முனைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அத்தனை வருஷம் மற்றவர்களைக் கொண்டுபோனவரை அன்றைக்கு மற்றவர்கள் கொண்டுபோனார்கள். இந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

1815இல் வாட்டர்லூ. அங்கே குண்டுக்கு நடுவில் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்த லாரேயைப் பார்த்து எதிரித் தளபதி வெலிங்டன் தொப்பியைக் கழற்றினார் என்று ஒரு கதை உண்டு. அந்தச் சண்டைக்குப் பிறகு பிரஷ்யப் படை அவரைப் பிடித்துச் சுட்டுக்கொல்லப் போனது. பெர்லினில் அவர் நடத்திய பாடத்தைக் கேட்டிருந்த டாக்டர் ஒருவர் அடையாளம் கண்டு சொன்னதால் தப்பினார் என்று எழுதியிருக்கிறார்கள். 1821இல் இறந்த நெப்போலியன் தன் உயிலில் லாரேக்கு ஒரு லட்சம் பிராங்க் எழுதி வைத்து, தான் அறிந்தவர்களிலேயே மிக நேர்மையானவர் இவர்தான் என்ற அர்த்தத்தில் குறிப்பிட்டிருந்தார்.

வயதான பிறகும் லாரே சும்மா இருக்கவில்லை. 1842இல், 76 வயது ஆகப்போகும் நேரத்தில், அல்ஜீரியாவில் உள்ள படை ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட மகனோடு போனார். திரும்பி வரும் வழியில் உடம்பு சரியில்லாமல் லியோன் நகரத்தில் ஜூலை 25ஆம் தேதி காலமானார். அவர் மனைவி ஓவியர். அந்த அம்மா மூன்று நாள் முன்னால்தான் வீட்டில் இறந்திருந்தார். முதலில் பாரிசில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். படைவீரர்களுக்கான இன்வலீட் கட்டடத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது 150 வருஷம் கழித்து 1992இல்தான் நிறைவேறியது. அவரை மெதுவாக எடுத்து அங்கே மாற்றினார்கள்.

அப்பத்தாவுக்கு ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறது. காலையில் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றுவது என் வேலை. நாற்காலியை நல்ல கால் பக்கம் ஒட்டிப் போட வேண்டும், நகராமல் சுவரோடு அணைக்க வேண்டும். கக்கத்தில் கை கொடுக்கக் கூடாது. நான் முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்க வேண்டும். முக்கியமாக, தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எல்லாம் பிசியோதெரபி அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

போன வாரம் ராத்திரி அப்பத்தாவுக்கு இந்த லாரே கதை முழுசும் சொன்னேன். ஒட்டகத் தொட்டிலுக்குச் சிரித்தது. குதிரை சூப்புக்குச் சீ என்றது. பாலத்தில் அவரைத் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோனதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அத்தனை கூட்டத்துல அவரு காலை யாரு பிடிச்சதுன்னு கேட்டுச்சு. புத்தகத்தில் அது இல்லை என்று சொன்னேன். அப்பத்தா என் கையை எடுத்து அதன் மடியில் வைத்துக்கொண்டது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி